விநோத தினம் ஒன்றைச் சொதப்பாமல் கொண்டாடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எந்தத் தேதியைத் தொட்டாலும் அன்றைக்கு ஏதோ ஒரு தினம் இருக்கிறது. துண்டு தினம், கடற்கொள்ளையர் போலப் பேசும் தினம், இடக்கையர் தினம், கழிப்பறை தினம் என்று பட்டியல் நீளும். அதைப் படித்துச் சிரிப்பது சுலபம். இருபது முப்பது பேரைக் கூட்டி, யாரும் கடிகாரத்தைப் பார்க்காதபடி அதில் ஒன்றை நடத்தி முடிப்பதுதான் கஷ்டம்.

அலுவலகத்திலும் வகுப்பறையிலும் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள்: இதை விழா என்று நினைத்துவிடுகிறார்கள். வரவேற்புரை, தோரணம், பரிசு, நன்றியுரை எல்லாம் வந்து சேர்ந்துவிடும். விநோத தினம் விழா இல்லை, சேட்டை. சேட்டைக்கு ஒரு செயல் போதும், கொஞ்ச நேரம் போதும். கீழே உள்ள வரிசை அதை மனதில் வைத்துப் போட்டது.

முன்கூட்டியே வேண்டியவை அதிகமில்லை. மூன்று வார அவகாசம், கூட நிற்க ஒரு ஆள், இருபது நிமிடம், அந்த இருபது நிமிடத்துக்கு இடப் பொறுப்பாளரின் சம்மதம். சம்மதத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். எல்லாம் தயாரான பிறகு கேட்டால், மறுக்க முடியாத நிலைக்குத் தள்ளிவிட்டோம் என்ற கசப்பு அவரிடம் தங்கிவிடும்.

1. முதலில் ஆட்கள், அப்புறம் தினம்

பலரும் பட்டியலில் பிடித்த தினத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் யாரோடு கொண்டாடுவது என்று யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எத்தனை பேர், என்ன வயது, ஒருவரையொருவர் முன்பே தெரியுமா என்ற மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்தால் பட்டியலில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறைந்த குழுவில் குரல் மாற்றிப் பேசு, நடித்துக் காட்டு என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கையில் ஒரு பொருளும் செய்ய ஒரு வேலையும் வேண்டும். நெடுநாள் பழகியவர்களுக்கு நேர் எதிர். அளவுகோலும் நூலும் கொடுத்தால் சலித்துப்போவார்கள், பேச விட்டால் பிய்த்து உதறுவார்கள்.

2. தினத்தை ஆரம்பித்தவர் யார் என்று பாருங்கள்

தெரிந்துகொண்டு மேடையில் சொல்வதற்கில்லை. எந்தத் தொனியில் கொண்டாடலாம் என்பதை ஆரம்பித்தவரின் நோக்கம்தான் காட்டும்.

ஐ.நா. அறிவித்த தினங்கள் பெயரில் விநோதமாக இருந்தாலும் உள்ளே விஷயம் கனமானது. நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினத்தை 2013-இல் ஐ.நா. ஏற்றது சுகாதார வசதியில்லாத மக்களை நினைத்து. ஜூன் 30 சிறுகோள் தினம், 1908-இல் சைபீரியாவின் துங்குஸ்கா காட்டுக்கு மேல் நடந்த வெடிப்பின் நினைவு. இவற்றில் சிரிப்பு இருக்கலாம், கேலி கூடாது.

தனி ஆட்கள் தொடங்கிய தினங்களில் கை கால் நீட்ட இடம் உண்டு. செப்டம்பர் 19 கடற்கொள்ளையர் போலப் பேசும் தினத்தை 1995-இல் தொடங்கியவர்கள் ஜான் பாவர், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நண்பர்கள். சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாள் என்பதால் தேதி மறக்காது, அதனால் அந்தத் தேதி. இப்படிப் பிறந்த தினத்துக்குப் போய் யாராவது உரை எழுதுவார்களா?

மூன்றாவது வகை, சரக்கு விற்கக் கம்பெனிகள் கிளப்பிவிடும் தினங்கள். தவறில்லை, ஆனால் அந்தச் சரக்கை வாங்காமல் அந்தத் தினத்தில் செய்ய எதுவும் மிஞ்சாது. நான் தொடுவதில்லை.

சரிபார்ப்பதற்கு ஒரு வழி: ஐ.நா.வின் சர்வதேச தினங்கள் பட்டியல், தொடங்கியவர்களின் சொந்தப் பக்கம், சிறப்பு தினங்களைத் திரட்டித் தரும், 1957-இல் தொடங்கிய அமெரிக்க வெளியீடான சேஸ் நாட்காட்டித் தொகுப்பு ஆகிய மூன்றில் ஒன்றிலாவது அந்தத் தினம் இருக்க வேண்டும். பத்து இணையதளங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது பத்து ஆதாரம் ஆகாது. ஒன்றைப் பார்த்து ஒன்பது நகலெடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

3. தேதியை நீங்களே எண்ணுங்கள்

இந்தப் படியில்தான் நானே அசிங்கப்பட்டேன். நிரலாளர் தினம் என்பது ஆண்டின் 256-ஆவது நாள். எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டில் 256 வேறு வேறு மதிப்புகள் அடங்கும் என்பதால் அந்த எண். சாதாரண ஆண்டில் அது செப்டம்பர் 13. லீப் ஆண்டில் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுவதால் ஒரு நாள் முன்னே நகர்ந்து செப்டம்பர் 12 ஆகிவிடும். 2024 லீப் ஆண்டு. நான் 13-ஆம் தேதி காலை எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பினேன். முதலில் வந்த பதில் ஒரே ஒரு எண்: 257. அனுப்பியவர் நிரலாளர் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணிக்கையால் வரும் தினங்களை ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கணக்கிடுங்கள். போன வருஷத் தேதியை அப்படியே எடுக்காதீர்கள்.

கிழமையால் வரும் தினங்களில் வேறொரு குழி இருக்கிறது. கணினி அமைப்பு நிர்வாகிகளுக்கு நன்றி சொல்லும் தினம் ஜூலையின் கடைசி வெள்ளி. புதியவர்கள் இதை நாலாவது வெள்ளி என்று குறித்துக்கொள்வார்கள். 2026 ஜூலையில் ஐந்து வெள்ளிகள் வருகின்றன. நாலாவது 24, கடைசி 31. ஒரு வாரம் முன்னால் போய் நன்றி சொன்னால் அந்த நிர்வாகி நாசூக்காகச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார், ஆனால் விஷயம் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது, தேதி எழுதும் முறை. இணையத்தில் பிரபலமான பல தினங்கள் மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கத்தில் பிறந்தவை. மார்ச் 14 பை தினம் (வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14 என்ற எண்தான் இந்தப் பை) ஆனது 3/14 என்று எழுதுவதால்தான். அக்டோபர் 23 மோல் தினமும் அப்படியே. மோல் என்பது வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு, ஒரு மோலில் எத்தனை துகள் என்பதே அவகாட்ரோ எண். அந்த எண் 6.02-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கியது. அதனால் பத்தாம் மாதம், 23-ஆம் தேதி, மணி 6:02. நாளை முன்னால் எழுதிப் பழகியவர்களிடம் 14/3 என்று காட்டினால் அதில் பையும் இல்லை, ஒன்றும் இல்லை. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சேட்டை அங்கேயே செத்துவிடும்.

இதற்கு ஒரு அருமையான மாற்று இருக்கிறது: ஜூலை 22. நம் வழக்கப்படி 22/7. பள்ளியில் எல்லோரும் எழுதிய அதே பின்னம். இன்னொரு சங்கதி, 22/7 என்பது 3.142857 என்று போகும். உண்மையான பை 3.14159. வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் 3.14-ஐ விட 22/7 தான் பைக்கு நெருக்கம். ஆக ஜூலை 22-ஐத் தேர்ந்தெடுப்பவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு முறையிலும் ஒன்றாக நிற்கும் தேதியும் உண்டு. வர்க்கமூல தினம் 5/5/25-இல் வந்துபோனது, அடுத்தது 6/6/36.

தேதி விடுமுறையில் விழுந்தால் முந்தைய வேலை நாளுக்கு நகர்த்துங்கள். பிந்தினால் மறந்துபோய்ச் செய்தது போலத் தெரியும்.

4. அதன் நகைச்சுவை தமிழில் நிற்கிறதா?

விநோத தினங்களில் பாதி சொல் விளையாட்டு. மொழி மாறினால் விளையாட்டு உதிர்ந்துவிடும். ஜப்பானில் பிப்ரவரி 22 பூனை தினம். இரண்டு என்பதற்கு அங்கே ‘நி’. மூன்று இரண்டு சேர்ந்தால் ‘நி நி நி’. அது அவர்கள் காதில் பூனை கத்தும் ‘ந்யான் ந்யான் ந்யான்’. நமக்குப் பூனை ‘மியாவ்’ என்பதால் அந்தத் தேதியில் பூனை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இந்த இடத்தில் மூன்று வழி உண்டு. தினத்தை விட்டுவிடலாம். செயலை மட்டும் எடுத்துக்கொண்டு சொல் விளையாட்டைக் கழற்றிவிடலாம். அல்லது தமிழில் ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடிக்கலாம். மூன்றாவது கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

கடற்கொள்ளையர் தினத்தில் ஆங்கிலத்தில் ‘ஆர்ர்’ என்று இழுப்பார்கள். தமிழில் அப்படி இழுத்தால் தொண்டை சரியில்லை என்று நினைப்பார்கள். நான் அதை நாடகத் தமிழாக மாற்றிவிட்டேன். “யாரங்கே! அந்தக் கோப்பை உடனே என் முன் கொணர்க!” என்று ஒருவர் தொடங்கினால் பிறகு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்கு அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கியபோது ஒருவர் “சதி! இது சதி!” என்று கத்தியது இன்னும் எங்கள் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பை தினத்துக்குத் தமிழில் தேடவே வேண்டாம். பை என்றால் பை. ஆளுக்கொரு பை கொண்டுவரட்டும், உள்ளே வட்டமான ஒரு பொருள் இருக்கட்டும். ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒத்துப்போவதால் ‘பை’ என்ற பண்டத்தைச் சாப்பிடுகிறார்கள், நமக்குத் துணிப்பை.

5. ஒரு வினைச்சொல்லில் அடக்குங்கள்

தினத்துக்கான செயலை ஒரே ஏவல் வினையில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். மே 25 துண்டு தினம்: எடுத்துவா. (எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் 2001-இல் இறந்து இரண்டு வாரத்தில் அவருடைய வாசகர்கள் தொடங்கியது. நாள் முழுக்கத் தோளில் ஒரு துண்டு, வேறு சடங்கு கிடையாது.) ஆகஸ்ட் 13 இடக்கையர் தினம்: வெட்டு. ஜூலை 22: அள. செப்டம்பர் 19: பேசு.

இரண்டாவது வினை தேவைப்பட்டால் அதில் ஒன்றை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செயல் என்றால் நடுவில் அறிவிப்பு வேண்டும். அறிவிப்பு வந்தால் ஒலிபெருக்கி வரும். ஒலிபெருக்கி வந்தால் யாராவது பேசுவார்.

இடக்கையர் தினத்தின் ‘வெட்டு’ எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். சாதாரணக் கத்தரிக்கோலையும் ஒரு வட்டம் வரைந்த காகிதத்தையும் கொடுத்து இடது கையால் வெட்டச் சொல்லுங்கள். வலது கையில் பிடிக்கும்போது விரல்களின் இயல்பான அழுத்தம் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று ஒட்டித் தள்ளுகிறது. இடது கையில் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். மேல் அலகு கோட்டை மறைப்பதால் எங்கே வெட்டுகிறோம் என்றும் தெரியாது. இரண்டு நிமிடத்தில் வலக்கையர் எல்லோருக்கும் பக்கத்து இருக்கைக்காரர் வாழ்நாள் முழுக்க எதோடு மல்லுக்கட்டுகிறார் என்று புரிந்துவிடும். ஒரு வார்த்தை விளக்கம் தேவையில்லை.

6. நீங்கள் தனியாக ஒரு முறை செய்து பாருங்கள்

ஒத்திகை இல்லாமல் இறங்கினால் சிக்கல் எல்லோர் முன்னிலும் வரும். ஜூலை 22-க்கான முழுச் செய்முறையைத் தருகிறேன், ஏனென்றால் இதில்தான் சொதப்ப அதிக வாய்ப்பு.

ஆளுக்கு ஒரு மீட்டர் நூல், ஒரு கத்தரிக்கோல், ஒரு பேனா. கம்பளி நூல் வேண்டாம், இழுத்தால் நீளும். பருத்தி நூல் அல்லது சணல் நல்லது. அளக்கப்போகும் வட்டமான பொருள், சாப்பாட்டுத் தட்டு மாதிரி, குறைந்தது 15 செ.மீ. விட்டம் இருக்கட்டும்.

தட்டின் விட்டத்துக்குச் சமமாக ஒரு நூலை வெட்டுங்கள். அதே நூலைத் தட்டின் விளிம்பில் ஒட்டி வைத்து, முடியும் இடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து மறுபடி, இன்னொரு முறை. மூன்று முறை வைத்ததும் தொடங்கிய இடத்துக்குக் கிட்டே வந்துவிடுவீர்கள், ஆனால் சிறு இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளி அளவுக்கு ஒரு துண்டு நூல் வெட்டுங்கள். அந்தத் துண்டை விட்ட நூலின் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏழு முறை கொள்ளும்.

மூன்று முழுசு, ஒரு ஏழில் ஒன்று. மூன்றும் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 22/7. அளவுகோல் இல்லை, வகுத்தல் இல்லை. வெவ்வேறு பையிலிருந்து வெவ்வேறு பொருளை எடுத்தவர்கள் எல்லோரும் ‘ஏழு’ என்று சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். அந்த நொடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

தப்பு நடக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் பெரிது. நூல் மையத்தின் வழியாகப் போகாவிட்டால் விட்டத்துக்குப் பதில் அதைவிடக் குட்டையான நாண் கிடைக்கும். 21 செ.மீ. தட்டில் சுற்றளவு ஏறக்குறைய 66. சரியான நூல் மூன்று முறை போனால் 63, மிச்சம் 3, அது ஏழு முறை கொள்ளும். நூல் ஒரு சென்டிமீட்டர் குறைந்து 20 ஆனால் மிச்சம் 6 ஆகிவிடும், மூன்று முறைதான் கொள்ளும். தீர்வு சுலபம்: நூலின் ஒரு முனையை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை எதிர்விளிம்பில் இங்கும் அங்கும் நகர்த்துங்கள். எங்கே நூல் அதிகம் தேவைப்படுகிறதோ அதுவே விட்டம்.

சிறிய கிண்ணம் ஏன் கூடாது என்பதும் இதே கணக்குதான். 7 செ.மீ. கிண்ணத்தில் மிச்சம் ஒரே சென்டிமீட்டர். நூலின் தடிமனே விடையைக் கெடுத்துவிடும்.

7. அழைப்பு இரண்டு வரி

மூன்று நாளுக்கு முன் ஒன்று, அன்று காலை ஒன்று. ஒரு வாரம் முன்னால் அனுப்பினால் மறந்துவிடுவார்கள். என்ன கொண்டுவர வேண்டும், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம். காரணம் சொல்லாதீர்கள்.

நான் அனுப்புவது இப்படி: “புதன் மதியம் 3:14-க்கு ஒரு பையோடு வாருங்கள். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமான ஏதாவது ஒன்று. இருபது நிமிடத்தில் விட்டுவிடுகிறேன்.” ஏன் 3:14 என்று சிலர் கேட்பார்கள், சிலர் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தவர் மற்றவர்களிடம் சொல்லட்டும், அது உங்கள் வேலை இல்லை.

வர விருப்பமில்லாதவருக்கு வழி இருக்க வேண்டும். ‘அனைவரும் கட்டாயம்’ என்று ஒரு சொல் சேர்ந்தால் போதும், சேட்டை வேலையாகிவிடும்.

8. அன்றைக்கு இருபது நிமிடம்

குறித்த நிமிடத்தில் தொடங்குங்கள். நேரமே நகைச்சுவையின் பகுதியாக இருக்கும்போது தாமதமாக வருபவருக்காகக் காத்திருந்தால் 3:14 என்பது 3:25 ஆகி அர்த்தம் போய்விடும்.

முதல் மூன்று நிமிடம் நீங்கள் வாயால் சொல்லாமல் செய்து காட்டுங்கள். அடுத்த பத்து நிமிடம் அவர்கள் செய்யட்டும், நீங்கள் சுற்றி வந்து சிக்கியவருக்கு மட்டும் உதவுங்கள். பிறகு ஒவ்வொருவராகத் தன் விடையைச் சொல்லட்டும். தவறாக வந்தவரைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் திருத்துவார், இருவரும் சேர்ந்து மறுபடி அளப்பார்கள். மிச்ச நிமிடங்களைச் சும்மா விடுங்கள், சுவாரசியமான பேச்செல்லாம் அப்போதுதான் நடக்கும்.

படம் எடுப்பதென்றால் ஒருவரிடம் பொறுப்பை விட்டுவிடுங்கள். எல்லோரும் கைபேசியைத் தூக்கினால் நூலைப் பிடிக்க ஆள் இருக்காது.

9. புதியவர்கள் தடுக்கும் வேறு சில இடங்கள்

தினத்துக்குரியவரை மேடையேற்றுவது. இடக்கையர் தினத்தில் குழுவில் இருக்கும் ஒரே இடக்கைக்காரரை நடுவில் நிறுத்தி ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்றால் அவர் நெளிவார். இரண்டு நாள் முன்பே தனியாகக் கேளுங்கள். நீதிபதியாக உட்கார்ந்து மற்றவர்களின் வெட்டுகளுக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். யாருக்கும் கருணை காட்ட மாட்டார்.

நன்றி தினத்தில் வேலை கொடுப்பது. கணினி அமைப்பு நிர்வாகிகள் தினத்துக்கு இணையவழிக் கூட்டம் ஏற்பாடு செய்து, அதன் ஒலி வேலை செய்யவில்லை என்று அந்த நிர்வாகியையே கூப்பிட்ட கூத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அதே நாளில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. குழுவில் ஒருவர் வீட்டில் துக்கம் நடந்த நாள், முந்தைய நாள் வந்த கெட்ட செய்தி, பரீட்சை முடிவு வரும் நாள் எல்லாம் இதில் சேரும். சந்தேகம் வந்தால் ஓசையில்லாமல் கைவிடுங்கள். விநோத தினத்தை நடத்தாமல் விட்டால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

மாதம் ஒன்று என்று அட்டவணை போடுவது. நாலாவது மாதம் யாரும் வர மாட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு தாங்கும். மூன்றாவது வேண்டுமென்றால் வேறொருவர் நடத்தட்டும்.

10. அன்று மாலையே எழுதி வையுங்கள்

அரைப்பக்கம் போதும். எத்தனை பேர் வந்தார்கள், எது குறைந்தது, எந்த நிமிடத்தில் சிரித்தார்கள், எந்த நிமிடத்தில் கைபேசியை எடுத்தார்கள். மறுநாள் எழுதினால் எல்லாம் நன்றாக நடந்ததாகத்தான் நினைவு வரும்.

போன ஜூலை 22-க்கான என் குறிப்பு இவ்வளவுதான்: “கத்தரிக்கோல் இரண்டு பேருக்கு ஒன்று போதவில்லை. ஒருவர் சதுரமான சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து, மூடி வட்டம் என்று வாதாடினார். மூடியை அளந்தோம். ஏழு.”